ரவுட்டருக்குள் ஓடுவது எது? ஃபர்ம்வேர் பற்றிப் புதியவர்களுக்கு

பாண்டிச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில், துணிக்கும் செருப்புக்கும் நடுவே பழைய எலக்ட்ரானிக் சாமான்களைக் கொட்டி வைத்து விற்பவர்கள் உண்டு. ரிமோட், சார்ஜர், செட்டாப் பாக்ஸ், ஆன்டெனா முறிந்த வைஃபை ரவுட்டர் எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அந்தக் குவியலைக் கிளறும் ஆசாமிகளில் நானும் ஒருவன். வீட்டில் இதற்குக் கிடைக்கும் மரியாதையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அங்கே கிடக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் கோளாறு எதுவும் இருக்காது. கரண்ட் கொடுத்தால் விளக்கு எரியும், வைஃபை பெயர் போனில் தெரியும். தயாரித்த கம்பெனி அந்த மாடலுக்கு அப்டேட் கொடுப்பதை நிறுத்தியிருக்கும், அல்லது இணைப்பு கொடுப்பவர் புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போயிருப்பார். சர்க்யூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே ஓடும் மென்பொருளுக்குத்தான் வயசாகிவிட்டது. அந்த மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். அது என்ன, எங்கே இருக்கிறது, யார் பிடியில் இருக்கிறது, நாம் அதை மாற்ற முடியுமா என்பதுதான் இங்கே பேச்சு. உண்மையில் எனக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். மற்ற மூன்றும் அதற்கான முன்கதை.

வாஷிங் மெஷினில் ஒரு பட்டனை அமுக்குகிறீர்கள். தண்ணீர் எந்த மட்டம் வந்ததும் வால்வை மூட வேண்டும், டிரம் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும், கதவு சரியாக மூடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? மெஷினுக்குள் உள்ள சர்க்யூட் போர்டில் ஒரு சின்ன சிப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது. டிவி, ஏசி, இன்வெர்ட்டர், ப்ளூடூத் இயர்போன், மின்சார ஸ்கூட்டர் என்று எதைத் திறந்தாலும் இதே கதைதான். விரல் நகம் அளவு இருக்கும் மெமரி கார்டுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினியும் அதற்கான ஃபர்ம்வேரும் இருக்கின்றன. படம் சேமிப்பதற்கு மட்டும் என்று நாம் நினைக்கும் பொருளுக்கே இப்படி.

ஆப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எளிது. போனில் ஓர் ஆப்பை அழித்தால் போன் வழக்கம்போல ஓடும். ஃபர்ம்வேரை அழித்துவிட்டால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்தான்.

கரண்ட் போனாலும் இது அழியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. கரண்ட் திரும்பிய அன்று டிவிக்கோ ஏசிக்கோ யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. போட்டதும் ஓடின. காரணம், கருவிகளுக்குள் இரண்டு வகை நினைவகம் உண்டு. ரேம் என்பது வேலை நடக்கும் இடம். கரண்ட் நின்றதும் காலி. ஃபிளாஷ் என்பது ஃபர்ம்வேர் குடியிருக்கும் இடம். சுற்றிலும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த மிகச் சிறிய அறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. கரண்ட் இல்லாவிட்டாலும் அவை வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

ஃபிளாஷ் வருவதற்கு முன்பு நிலைமை வேறு. நிலாவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கணினியில் நிரலைக் கம்பியால் நெய்தே வைத்திருந்தார்கள். சின்னச் சின்னக் காந்த வளையங்களின் உள்ளே கம்பி போனால் 1, வெளியே போனால் 0. ரேதியான் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து அதை நெய்தார்கள். நெய்து முடித்த பிறகு நிரலில் ஒரு பிழை தெரிந்தால் கம்பியைப் பிரித்து மறுபடி நெய்ய வேண்டியதுதான். அப்புறம் வந்த ஒரு வகைச் சிப்பின் முதுகில் குட்டிக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதா ஒளியைச் சில நிமிடம் காட்டினால் உள்ளே எழுதியது அழியும், பிறகு புதிதாக எழுதலாம். வெயில் பட்டுத் தானாக அழியாமலிருக்க ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 1980களில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். சிப்பைக் கழற்ற வேண்டாம், விளக்கொளி வேண்டாம், கருவி இருந்த இடத்திலேயே மின்சாரத்தால் அழித்து எழுதலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த விளையாட்டில் இடம் கிடைத்தது அங்கேதான். ஃபர்ம்வேரை ஏற்றுவதை இன்றும் 'ஃபிளாஷ் பண்றது' என்றே சொல்கிறோம்.

வாசலில் நிற்கும் வாட்ச்மேன்

சரி, எழுத முடியும் என்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? இல்லை. அதைப் புரிந்துகொள்ள, பவர் பட்டனை அமுக்கிய முதல் ஓரிரு விநாடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கரண்ட் வந்ததும் பிராசஸர், தன் உடம்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட ஒரு சின்ன நிரலை ஓட்டும். அதை யாராலும் மாற்ற முடியாது. அந்த நிரல் ஃபிளாஷில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் பூட்லோடர் என்ற இன்னொரு நிரலை எழுப்பும். பூட்லோடர் நினைவகத்தைத் தயார் செய்து, முக்கியமான இயங்குதளத்தை ஃபிளாஷிலிருந்து எடுத்து ஓடவிடும். ரவுட்டர் என்றால் அது பெரும்பாலும் ஒரு சின்ன லினக்ஸ். போன் என்றால் ஆண்ட்ராய்டு, அதன் அடியிலும் லினக்ஸின் கெர்னல், அதாவது மையப் பகுதிதான். அதற்குப் பிறகுதான் கம்பெனி லோகோவும் பாட்டும்.

இதில் பூட்லோடரை அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிற நிரலிடம் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் உள்ளே விடுவார், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி கம்பெனியிடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் கருவிக்குள் இருக்கும். பூட்லோடர் லாக் ஆகியிருக்கிறது என்று சொல்வது இதைத்தான். சில கம்பெனிகளில் வாட்ச்மேனே இருக்க மாட்டார், கதவு திறந்தே கிடக்கும். சிலவற்றில் நீங்கள் கேட்டால், 'இனி பொறுப்பு உங்களுடையது' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். சிலவற்றில் வீட்டுக்காரரான உங்களையே உள்ளே விட மாட்டார்.

பூட்டு வைப்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். திருடியவன் போனில் வேறு ஃபர்ம்வேர் ஏற்றி விற்றுவிடக் கூடாது. சர்வீஸ் கடையில் கொடுத்த போன், உளவு பார்க்கும் மென்பொருளோடு திரும்பி வரக் கூடாது. பூட்டு இருப்பதால்தான் இவை கடினமாகின்றன. எனக்கு உறுத்துவது, கம்பெனி ஆதரவை நிறுத்திய பிறகும் அந்தப் பூட்டு அப்படியே இருப்பதுதான். அப்டேட்டும் தர மாட்டேன், சாவியும் தர மாட்டேன் என்றால் காசு கொடுத்து வாங்கியவர் எங்கே போவார்? காந்தி வீதிக் குவியலுக்குத்தான்.

ஒரு நீலப் பெட்டியின் கதை

பூட்டைப் பற்றிப் பேசினால் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரைச் சொல்லாமல் போக முடியாது. 2002 கடைசியில் வந்த நீலமும் கறுப்புமான பெட்டி அது. அதன் ஃபர்ம்வேரைத் தோண்டிப் பார்த்தவர்கள் உள்ளே லினக்ஸ் ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் வெளியிடப்பட்டிருக்கும் ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை, அதை வைத்துப் பொருள் செய்து விற்றால் வாங்கியவர் கேட்கும்போது மூல நிரலையும், அதாவது மனிதர்கள் படித்து மாற்றக்கூடிய வடிவில் எழுதிய நிரலையும், கொடுக்க வேண்டும் என்பது. சத்தம் கூடியது. 2003இல் லிங்க்சிஸ் மூல நிரலை வெளியிட்டது. அதை எடுத்துக்கொண்டு 2004இல் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர் மாடல்களில் ஓடுகிற திறந்த ஃபர்ம்வேர் அது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதே ரவுட்டரின் ஐந்தாவது பதிப்பில் கம்பெனி செலவைக் குறைத்தது. 4 எம்பி ஃபிளாஷ் 2 எம்பி ஆனது, 16 எம்பி ரேம் 8 ஆனது, லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளம் வந்தது. பெட்டியின் முகம், பெயர், நிறம் எதுவும் மாறவில்லை! வாங்கி வந்து திறந்து பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கடைசியில் லினக்ஸோடு உள்ள பழைய வடிவத்தை, பெயரில் ஓர் எல் சேர்த்து, தனி மாடலாகவே கம்பெனி விற்க வேண்டி வந்தது. நோண்டுபவர்களும் வாடிக்கையாளர்கள்தான் என்பது ஒரு கம்பெனிக்கு உறைத்த அபூர்வமான சந்தர்ப்பம்.

இதில் புதியவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. ரவுட்டர் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் வி1, வி2, வி3 என்று வன்பொருள் பதிப்பு போட்டிருக்கும். பெயர் ஒன்றே என்றாலும் வி2க்கும் வி3க்கும் உள்ளே இருக்கும் சிப் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தின் கருவிப் பட்டியலில் பதிப்பு எண்ணோடு தேடிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். இன்றைய பதிப்புகளுக்கு 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் குறைந்தபட்சமாகத் தேவை. நிம்மதியாக ஓட 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருப்பது நல்லது. பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு ஆதரவு மோசம். மீடியாடெக், குவால்காம் சிப் உள்ளவற்றில் சிரமம் குறைவு.

ஏற்றும் வேலை பார்க்கப் பயமாக இருக்கும், செய்வது அவ்வளவு கடினமில்லை. கணினியை லேன் ஒயர் வழியாக ரவுட்டரோடு இணைக்க வேண்டும். வைஃபை வழியாகச் செய்யவே கூடாது, பாதியில் துண்டித்தால் கதை முடிந்தது. உங்கள் மாடலுக்கு இரண்டு கோப்புகள் இருக்கும். கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறுவதற்கு 'ஃபேக்டரி' என்ற பெயருடையது, ஏற்கெனவே மாறியவர்கள் புதிய பதிப்புக்குப் போக 'சிஸ்அப்கிரேட்' என்ற பெயருடையது. ரவுட்டரின் பழைய அமைப்புப் பக்கத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் என்று இருக்கும் இடத்திலேயே முதல் கோப்பைக் கொடுத்தால் பல மாடல்களில் வேலை முடிந்துவிடும். ஃபிளாஷ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகக் கூடாது. நம்மூரில் இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல, இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டே தொடங்குங்கள்.

முடிந்ததும் ரவுட்டர் தானாக மறுபடி கிளம்பும். வைஃபை பெயர் போனில் வராது. இங்கேதான் பலர் 'செத்துப்போச்சு' என்று பதறுவார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி முதல்முறை ஏறும்போது வழக்கமாக வைஃபையை அணைத்தே வைத்திருக்கும். கடவுச்சொல் இல்லாத வைஃபை ஊருக்கே திறந்து கிடக்கக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. லேன் ஒயரோடு 192.168.1.1 என்ற முகவரிக்குப் போய், கடவுச்சொல் வைத்து, வைஃபையை நீங்களே தொடங்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனை பாட்டுக்கும் பலன் என்ன? வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு ஏற்றும்போது இன்னொருவரின் வீடியோ கால் திக்குமே, அந்த நெரிசலை முறைப்படுத்தும் வசதி கிடைக்கும். வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் சேர்த்து விளம்பரத்தைத் தடுக்கலாம். விருந்தினருக்குத் தனி வைஃபை வைக்கலாம். எல்லாவற்றையும்விட, கம்பெனி கைவிட்ட பெட்டிக்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும். ஃபைபர் இணைப்புக்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது அவருடைய பொருள், அவருடைய அமைப்புகள் அதற்குள் இருக்கும். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டிக்கொள்வதுதான் முறை.

ஒருவேளை ஃபிளாஷ் பாதியில் நின்று பெட்டி அசையாமல் போனால் 'பிரிக் ஆயிடுச்சு' என்போம். பூட்லோடர் பிழைத்திருந்தால் பெரும்பாலும் மீட்கலாம். பல ரவுட்டர்களில் ரீசெட் பட்டனை அமுக்கிக்கொண்டே கரண்ட் கொடுத்தால் பூட்லோடர் புதிய கோப்புக்காகக் காத்திருக்கும். அதுவும் நடக்கவில்லை என்றால் மூடியைத் திறந்து, போர்டில் வரிசையாக நான்கு துளைகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். அவை சீரியல் இணைப்புக்கானவை, கணினியிலிருந்து பூட்லோடரோடு நேரடியாகப் பேச உதவும். யூஎஸ்பி சீரியல் அடாப்டரை 3.3 வோல்ட்டில் வைத்து, கிரவுண்டு, அனுப்புவது, பெறுவது என்ற மூன்றை மட்டும் இணைத்தால் போதும். நான்காவதான வோல்ட்டேஜ் முனையைத் தொட வேண்டாம். 5 வோல்ட் கொடுத்தால் சிப் புகைந்துவிடலாம்.

போனில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்

போனிலும் இதே சங்கதிதான். கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலாக வெளியாட்கள் செய்து தருவதற்குப் பெயர் மட்டும் கஸ்டம் ராம். 2009இல் ஸ்டீவ் காண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. 2016 டிசம்பரில் அது மூடப்பட்டதும், அதே நிரலை எடுத்துக்கொண்டு லீனியேஜ்ஓஎஸ் கிளம்பியது. கம்பெனி இரண்டு மூன்று வருடத்தில் கைவிட்ட போன்களுக்கு இது பல வருடம் உயிர் கொடுத்தது. இப்போது கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர் ரக போன்களுக்கு ஏழு வருட அப்டேட் என்கின்றன. நல்லதுதான். ஆனால் நம்மில் பலர் வாங்கும் விலையில் உள்ள போன்களுக்கு அந்த வாக்குறுதி இல்லை.

பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள எல்லாம் அழியும். திருடன் திறந்தால் உங்கள் படங்கள் அவன் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். திறக்க விடும் சாம்சங் போன்களில், வேறு ஃபர்ம்வேர் ஏற்றினால் உள்ளே ஒரு மின் ஃபியூஸ் நிரந்தரமாக எரியும். பிறகு மறுபடி பூட்டினாலும், ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் போன்றவை திரும்பி வராது. ஷாவ்மியில் கணக்கைப் பதிந்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய தொல்லை வங்கி ஆப்கள்தான். போன் திறந்திருக்கிறதா என்று அவை கூகுளின் சரிபார்ப்புச் சேவையிடம் கேட்கும். திறந்திருந்தால் பல ஆப்கள் ஓட மறுக்கும். டீக்கடையிலிருந்து மீன் மார்க்கெட் வரை க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணியே பழகிவிட்ட ஊரில், அன்றாடம் கையில் வைத்திருக்கும் போனில் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. டிராயரில் தூங்கும் பழைய போன் இருந்தால் தாராளமாக விளையாடுங்கள். ஆனால் அதை எந்நேரமும் சார்ஜரில் மாட்டியே வைக்காதீர்கள், பழைய பேட்டரி உப்பிக்கொள்ளும்.

மூளை எங்கே இருக்கிறது?

2014இல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் இஎஸ்பி8266 என்ற மலிவான வைஃபை சிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கம்பெனிகள் பல்பு, பிளக், ஸ்விட்ச் என்று கண்டதற்கெல்லாம் வைஃபை வைத்தன. இந்த ஸ்மார்ட் ஸ்விட்ச்கள் பலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் ஹாலில் நின்று ஆப்பைத் தட்டினால், கட்டளை எங்கோ தூரத்தில் இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, பத்தடி தள்ளி இருக்கும் ஃபேனை ஓட்டும். இணையம் அறுந்தால் ஃபேன் உங்கள் பேச்சைக் கேட்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட நாளில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த ஸ்மார்ட் ஸ்விட்ச்சுக்கு அறிவு இருக்காது.

தியோ அரெண்ட்ஸ் உருவாக்கிய டாஸ்மோட்டா என்ற திறந்த ஃபர்ம்வேர் இதற்கு மருந்து. சிப்பில் கம்பெனி நிரலுக்குப் பதிலாக இதை ஏற்றினால், ஸ்விட்ச் உங்கள் வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசும், வெளியே எங்கும் போகாது. பழைய கணினி ஒன்றில் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை வைத்தால், டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவது மாதிரியான வேலைகளை எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கைகள். இப்போது வரும் ஸ்விட்ச்கள் பலவற்றில் இஎஸ்பிக்குப் பதில் வேறு சிப் இருக்கிறது, வாங்கும் முன் பாருங்கள். இரண்டாவதை மறக்கவே கூடாது: ஸ்விட்ச்சை 230 வோல்ட்டில் மாட்டிய நிலையில் கணினியோடு இணைத்து ஃபிளாஷ் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் மெயின் கரண்டுக்கும் பல கருவிகளில் தடுப்பே கிடையாது. கணினியும் போகும், ஆளும் போகலாம்.

(கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. மாடியில் டேங்க் பக்கத்தில் வைக்கும் போர்டை உப்புக்காற்று சும்மா விடாது, முனைகளில் பச்சை பூக்கும். மூடிய பெட்டியும் போர்டின் மேல் ஒரு பூச்சும் இல்லாமல் அங்கே எதையும் வைக்காதீர்கள்.)

புதிதாக வரும் கேட்ஜெட்களையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். ஹியூமேன் நிறுவனத்தின் ஏஐ பின் 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு வந்தது, மாதச் சந்தா தனி. சட்டையில் குத்திக்கொண்டு பேசினால் பதில் சொல்லும். 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் சொத்துகளை எச்பி 116 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அந்த மாதம் 28ஆம் தேதியோடு சர்வர் நின்றது. கேட்டால் பதில் சொல்வதற்காக வாங்கிய கருவி வாய் மூடிக்கொண்டது. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் 2016இல் இதே கதிதான். 300 டாலர் பெட்டி, சர்வர் மூடியதும் எதற்கும் உதவாமல் போனது. ரேபிட் ஆர்1 என்ற இன்னோர் ஏஐ கருவி வந்த புதிதில் உள்ளே ஆண்ட்ராய்டு ஓடுவதைக் கண்டுபிடித்த சிலர், அதன் ஆப்பை எடுத்துச் சாதாரண போனிலேயே ஓட்டிக் காட்டினார்கள்.

இவற்றுக்கு நேர் எதிர் பெபிள் கைக்கடிகாரம். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் கோடிக்கணக்கில் பணம் திரட்டிப் பிறந்து, 2016 டிசம்பரில் கம்பெனி மூடி, ஃபிட்பிட் கைக்குப் போனது. கடிகாரத்தின் வேலைகள் பெரும்பாலும் கடிகாரத்துக்குள்ளேயே நடந்தன. அதனால் ரீபிள் என்ற தன்னார்வலர் கூட்டம், நின்றுபோன சேவைகளைத் தாங்களே நடத்தி அதை ஓட்டிக்கொண்டிருந்தது. ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் அதன் இயங்குதளத்தின் மூல நிரலை வெளியிட்டது. பழைய நிறுவனரே அதை வைத்துப் புதிய கடிகாரங்களை அறிவித்தார். ஆகவே புதுக் கருவி எதைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது மூன்றுதான். இணையம் இல்லாமல் எவ்வளவு வேலை செய்யும்? பூட்லோடர் திறக்குமா? மூல நிரல் வெளியே இருக்கிறதா? கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் அப்புறம்.

எங்கே தொடங்குவது?

ரவுட்டரிலோ போனிலோ தொடங்காதீர்கள். முன்பு சொன்ன இஎஸ்பி8266இன் தம்பியான இஎஸ்பி32 சிப் வைத்த ஒரு போர்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கையில் பார்த்தே வாங்கலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. முன்பு சொன்னேனே, பிராசஸரின் உடம்புக்குள் பதிந்த, யாராலும் மாற்ற முடியாத முதல் நிரல் என்று, இந்தச் சிப்பில் அது கம்பெனியின் கையெழுத்தைக் கேட்காது. யூஎஸ்பி வழியாக வரும் எந்த ஃபர்ம்வேரையும் வாங்கி ஃபிளாஷில் எழுதிவிடும். நீங்கள் எவ்வளவு மோசமான நிரலை ஏற்றினாலும், போர்டில் உள்ள பூட் பட்டனை அமுக்கிக்கொண்டு ரீசெட் செய்தால் அது மறுபடி காத்திருக்கும். சாதாரணமாக மென்பொருளால் இதைப் பிரிக் செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பழகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கணினியில், நிரல் எழுதிப் போர்டில் ஏற்ற உதவும் ஆர்டுவினோ மென்பொருளை நிறுவி, ஒரு விளக்கை மினுக்கும் நிரலை ஏற்றுங்கள். கணினிக்குப் போர்டே தெரியவில்லை என்றால் ஒயரைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் யூஎஸ்பி ஒயர்கள் நிறைய உலவுகின்றன, அவற்றில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது. ஒயர் சரி என்றால் அடுத்தது டிரைவர். போர்டில் உள்ள யூஎஸ்பி சிப்பின் பெயரைப் பார்த்து அதற்கானதை நிறுவ வேண்டும். விளக்கு மினுங்கிவிட்டால், நீங்கள் எழுதிய ஃபர்ம்வேர் ஒரு கருவிக்குள் குடியேறிவிட்டது என்று அர்த்தம். தனியாக உட்கார்ந்து செய்ய அலுப்பாக இருந்தால், புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினரும், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினரும் இருக்கிறார்கள். கேட்டால் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

மினுக்கல் அலுத்ததும், இஎஸ்பி சிப் உள்ள ஏதாவது பழைய ஸ்மார்ட் பல்பையோ பிளக்கையோ மெயின் கரண்டிலிருந்து முழுவதும் கழற்றி மேசையில் வையுங்கள். இஎஸ்பிடூல் என்ற இலவசக் கருவியால் அதன் ஃபிளாஷ் முழுவதையும் முதலில் படித்துக் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் நான்கு எம்பிக்குள்தான் இருக்கும், சில நிமிட வேலை. கோப்பின் பெயரில் மாடலையும் பதிப்பு எண்ணையும் தேதியையும் போட்டு வைத்துவிட்டு, அதற்குப் பிறகு டாஸ்மோட்டாவை ஏற்றுங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கோப்பைத் திரும்ப எழுதினால் பல்பு பழையபடி ஆகிவிடும்.